மதில் இடைவெளியை அடைத்த மேடை

ஹம்ஸியா,

சூடும் குளிரும் தரும் ஏசியின் அந்தப் பெரிய வெளிப்பெட்டியைப் பொருத்த பர்ஹான் பத்து மணிக்கு வருவார். பண்டாரவளைக் குளிரில் ஏசி வாங்கிய அறிவாளியின் வீட்டைப் பார்க்க ஆசையாம், தேத்தண்ணி கொடுங்கள். கேற் சாவி அரிசி டின்னின் மேல்.

நீங்களும் பக்கத்து வீட்டு ஷஹீலாவும் கறித்தட்டு மாற்றிக்கொள்ளும் மதில் இடைவெளிக்கு நேரேதான் பெட்டிக்குச் சீமெந்து மேடை கட்டிவிட்டேன். "இனி தட்ட எப்புடி நீட்டுற?" என்று கேட்டீர்கள். "பெட்டிக்கு மேல வைங்க, சூடாவே இருக்கும்" என்றேன். மூன்று நாளாகப் பேச்சில்லை. வீட்டுக்குள் குளிர மெஷினே தேவையில்லை.

பர்ஹானிடம் சொல்லுங்கள்: பெட்டியைப் பின்பக்கம், என் தலைமாட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் சீமெந்துத் தரையில் வைக்கட்டும். அதன் இரைச்சலை நான் கேட்டுக்கொள்கிறேன். மேடையைப் பின்னேரம் வந்து நானே உடைப்பேன்.

ஜௌபர்

மறந்துவிட்டேன்: மீன்கறி ஃபிரிட்ஜில். எனக்கு மிச்சம் வைக்காவிட்டாலும் பரவாயில்லை.

இன்னுமொன்று. நேற்று கடையிலிருந்து வரும்போது, ஷஹீலா வட்டிலப்பத் தட்டோடு மதிலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த மேடையை வைத்து எனக்குக் கேலி பகிடி எதுவும் வரவில்லை.