கிச்சன் என்று குறித்த அறை

திங்கள்

காலையிலேயே புழுக்கம். வீடு இருக்கும் முவைலாவிலிருந்து சைட்டுக்குப் போய்ச் சேரவே ஒரு மணி நேரம். லேசர் மீட்டர் எடுத்தேன், சார்ஜரை மறந்தேன்.

பழைய பவளக்கல் கட்டடம். ஒரு வியாபாரி ஏழைகளுக்காகக் கட்டிவிட்ட விடுதி. கப்பல் கிடைக்காமல் நின்றுபோனவர்கள், நோயாளிகள், யாருமற்றவர்கள் தங்கினார்களாம். பிறகு மீன்வலைக் கிடங்கு. பிறகு லேபர் கேம்ப். இப்போது பூட்டு. சீக்கிரமே காஃபே. அளந்து பிளான் போடுவது என் வேலை.

சுவரெல்லாம் ஆணி, கட்டில் நம்பர். ஓரிடத்தில் தமிழில் "முருகன் துணை". அதன் கீழே "என் பக்கெட்டை எடுக்காதே". சிரித்துவிட்டேன். ஆனாலும் உள்ளே ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. யாரோ விரட்டுகிற மாதிரி அளந்துகொண்டே இருந்தேன்.

செவ்வாய்

மணல் காற்று. வாங்க: பால், வெங்காயம், பாப்பாவுக்கு சார்ட் பேப்பர். வாசுவுக்கு இன்றும் இன்டர்வியூ கால் இல்லை. அவன் வேலை போனதிலிருந்து அவனும் பாப்பாவும் என் வேலை விசாவில்தான் இங்கே இருக்கிறார்கள். அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நானும்தான்.

கடைசி அறையில் இடுப்புயரக் கல்மேடை, ஆள் நீளம். தரை அதைச் சுற்றி ஒரு வாய்க்காலை நோக்கிச் சரிகிறது. கிச்சன் என்று போடச் சொன்னார் என் முதலாளி ராஜேஷ் சார். போட்டேன். ஆனால் சுவரில் துளிக் கரி இல்லை, அடுப்பு இருந்த தடமும் இல்லை. மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வாட்ச்மேன் கான் பாய் அந்த அறைக்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார்.

புதன்

கேட்டேவிட்டேன். கேம்ப் காலத்தில் அவரும் இங்கே தங்கியவராம். விடுதியில் நாதியில்லாமல் செத்தவர்களைக் குளிப்பாட்டிய கல் அது. கேம்பில் கால் வைக்க இடமில்லாதபோதும் அதன்மேல் யாரும் ஒரு பெட்டிகூட வைத்ததில்லையாம்.

சாரிடம் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர், குரலை உயர்த்தவே மாட்டார்.

"பெருசு பண்ணாதீங்க மேடம். தண்ணி போக வழி இருக்குது, கிச்சனுக்கு அதுதானுங்களே வேணும். கிளையன்ட் காதுல விழுந்தா புராஜெக்ட் நின்னுரும். அப்புறம் உங்களையும் வெச்சுக்க முடியாதுங்க."

சரி என்றேன். வாசுவிடம் சொல்லவில்லை.

வியாழன்

கொளுத்தும் வெயில். கிளையன்ட் வந்தார். இந்த ஊர் அரபு அம்மா, நல்ல மனுஷி. எல்லோருக்கும் பிரியாணி. அவருடைய டிரைவர் தட்டுகளை அந்தக் கல்மேலேயே பரப்பிவிட்டான்.

கான் பாய் வாசலிலேயே நின்று, நோன்பு என்றார். காலையில் என்னோடு டீ குடித்தவர். எனக்கும் விரதம் என்றேன். அந்த அம்மா விடவில்லை, தன் கையாலேயே போட்டு நீட்டினார். சார் என்னையே பார்த்தார்.

தட்டை வாங்கினேன். சொல்லிவிட்டேன். அரைகுறை இங்கிலீஷில், எல்லாவற்றையும்.

அந்த அம்மா தட்டுகளை ஒவ்வொன்றாக அவரே வெளியே எடுத்துவைத்தார். கல்லில் சிந்தியிருந்த எண்ணெயைத் தன் ஷாலால் துடைத்தார். போகும்போது, காஃபே பற்றிப் பிறகு பேசலாம் என்று சாரிடம் சொன்னார்.

சார் திட்டவில்லை. லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். இனி வரவேண்டாமாம்.

பஸ்ஸில் வந்தேன். சொன்னதில் வருத்தமே இல்லை. பயம்தான், காதடைக்கிற பயம். ஏன் சீக்கிரம் என்று வாசு கேட்டான். பசிக்குது என்றேன். வேறெதுவும் கேட்காமல் கல்லைக் காயவைத்துத் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறான். முதல் தோசையைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லணும்.