ஆயத் குடித்த தண்ணீர்

ஜூலை 8

இன்றும் தண்ணீரில் அந்த வாடை. மழை விட்ட மறுநாள் கச்சேரி ரோட்டில் நடந்தால் காலடியிலிருந்து ஒரு நாற்றம் எழும்புமே, அதில் ஒரு துளி மாதிரி. மோட்டாரைப் போட்டதும் பக்கெட்டில் லேசான மஞ்சளாக விழுந்தது. பிறகு தெளிந்துவிட்டது. தெளிந்துவிட்டால் சரியா?

மாமியிடம் காட்டினேன். என் கணவர் ரெஹானின் அம்மா மருமகளாக இந்தச் சந்துக்கு வந்த நாளிலிருந்து குடிப்பது இதே தண்ணீர்தான். குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "மாசமா இருக்கறப்போ ரோஜாப்பூ கூட நாறும் வஜீஹா" என்றார். இருக்கலாம். ஏழாம் மாதம். ரெஹானின் சட்டையில் வரும் துணிக்கடை வாசனைகூட இப்போது எனக்குப் பிடிப்பதில்லை.

குடிக்க எனக்கு மட்டும் கேன் தண்ணீர். போன வருஷம் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனதிலிருந்து ரெஹான் பயந்து பயந்துதான் இருக்கிறார். பளு தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் நந்தனம் ஆபீஸ் வேலையை விடச் சொன்னார். ஏப்ரலில் குழாயில் மோட்டாரும் வைத்துவிட்டார், நான் கைப்பம்பு அடிக்கவே கூடாது என்று. பக்கத்து வீட்டு ஆயத் எட்டாம் மாத வயிற்றோடு அடிக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஜூலை 11

ஆயத்துக்கு வாந்தி நிற்கவில்லை. "எட்டாம் மாசத்துல மசக்கை புதுசா வருது பாரு" என்று அவள் அம்மா ஜைதூன் பீ சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 14

ரசம் எடுத்துக்கொண்டு ஆயத்தைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். கை முழுக்கச் சொறிந்த கோடுகள். ரசத்தின் மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜன்னல் பக்கம் திரும்புடீ."

"எதுக்கு?"

"திரும்பேன்."

திரும்பினாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை.

"லைட்டு மஞ்சடீ" என்றாள். லைட்டே போடவில்லை. வெயிலில்தான் பார்த்தேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறாயா என்று கேட்டேன். "காய்ச்சி ஆறவெக்க யாருக்குப் பொறுமை? பம்பு அடிச்ச கையோட ஜில்லுனு ஒரு சொம்பு குடிச்சாத்தான் எனக்குத் தாகம் அடங்குது."

மந்தைவெளியில் ஆயத்தின் வீட்டுக்காரர் ஹஸன் மெத்தை தைக்கிற கடைக்கு நானே போன் செய்தேன். ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். ஜைதூன் பீயோடு மூன்று பேரும் போனார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் செய்தி இல்லை.

ஜூலை 15

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். துணி எடுக்க வந்த ஹஸன் எங்கள் வாசலில் நின்று சொன்னார்.

"தண்ணியால வர்ற காமாலையாம். மத்தவங்களுக்கு வந்தா தானா போயிடுமாம். புள்ளத்தாச்சிக்கு வந்தா..."

எங்கள் கதவைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தண்ணி வஜீஹா அது? நாம எல்லாரும் ஒரே தண்ணிதானே குடிச்சிக்கினு கீறோம்?"

ஒரே தண்ணி இல்லை. எனக்குக் கேன்.

ஜூலை 16

என் ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் நாளைக்கு.

காலையிலிருந்து எத்தனை தடவை கண்ணாடி முன்னால் போய் இமையை இழுத்துப் பார்த்தேனோ. ஒரு தடவை மஞ்சளாகத் தெரிகிறது, ஒரு தடவை இல்லை. கேன் தண்ணீர்தான் குடித்தேன், சரி. பல் விளக்கியது? அரிசி கழுவியது? போன வாரம் மாமி போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஜூஸ்? அதை எந்தத் தண்ணியில போட்டாங்க? கேட்டேன். "ஞாபகம் இல்லையேம்மா" என்று மாமி அழ ஆரம்பித்துவிட்டார். ஏன் கேட்டேன்.

உள்ளே உதைக்கிறது. உதைத்துக்கொண்டே இரு.

ஜூலை 17

எனக்கு ஒன்றும் இல்லையாம். ரெஹான் இனிப்பு வாங்கி வந்தார். டப்பாவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு.

ஜூலை 19

சந்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் காமாலை. ஆளுக்கொரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் தண்ணி ஆபீசுக்குப் போனோம். நான் வரக் கூடாது என்று ரெஹான் சொன்னார். போனேன்.

சண்டை போடத்தான் தயாராகப் போயிருந்தோம். இன்ஜினியர் ஒரு பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். என் பாட்டிலைத் திறந்து மோந்தவர் உடனே மூடிவிட்டார். "இதை யாரும் குடிக்காதீங்க. வாய் கொப்பளிக்கக்கூட வேண்டாம். இன்னிக்கே லாரித் தண்ணி வரும். எங்கே கலக்குதுன்னு தோண்டிப் பார்த்துடலாம்."

அவ்வளவுதான். கத்துவதற்கு எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. நாற்றம் என் மூக்கில் மட்டும் இல்லை. அப்படியானால் நிஜம்.

ஜூலை 22

தோண்டினார்கள். எங்கள் வீட்டு வாசலில்.

மெயின் பைப்பிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கிளை பிரிகிற இடத்தில் ஜாயின்ட் விட்டிருக்கிறது. அதை ஒட்டினாற்போல் சாக்கடைப் பைப், அதிலும் விரிசல். பள்ளம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர். சந்தே கூடி எட்டிப் பார்த்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

இன்ஜினியர் அம்மா பள்ளத்தின் விளிம்பில் நின்று சத்தமாகக் கேட்டார். "லைன்ல நேரா மோட்டார் வெச்சிருக்கிறது யார் யாரு?"

எல்லோரும் குனிந்து பள்ளத்தையே பார்த்தார்கள்.

"தப்பு கண்டுபிடிக்க வரல. புரிஞ்சுக்கங்க. சும்மா இருந்தா பைப்புலேருந்து தண்ணி வெளியே கசியும், அவ்வளவுதான். மோட்டார் போட்டு இழுத்தீங்கன்னா, வெளியே நிக்கிற சாக்கடை உள்ளே வரும். வந்தது உங்க வீட்டோட நிக்காது. அதே லைன்ல இருக்கிற எல்லாருக்கும் போகும். நான் இந்த ஜாயின்டை அடைச்சுட்டுப் போவேன். நீங்க மோட்டாரை எடுக்கலேன்னா நாளைக்கு இன்னொரு எடத்துல இழுக்கும்."

ரெஹான் கூட்டத்தில்தான் நின்றார். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. அசையவில்லை.

அவர்கள் போன பிறகு உள்ளே வந்து, குளியலறை மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்த மோட்டாரைக் கழற்றினார். ஸ்பேனர் வழுக்கி விரலில் ரத்தம். நான் துணி கொண்டுபோனேன், வாங்கவில்லை.

"எடுத்தாச்சு. இதோட விடு" என்றார்.

"ஆயத்?"

"நம்ம வீட்ல மட்டுமா இருக்கு? எதிர்ல இருக்கு, கோடி வீட்ல இருக்கு. பைப்பு எப்ப உடைஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்? ஏற்கெனவே உடைஞ்சிருக்கலாம்."

இருக்கலாம். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதிர் வீட்டு மோட்டாராக இருக்கலாம். கோடி வீட்டு மோட்டாராக இருக்கலாம். ஆனால் உடைந்தது எங்கள் வாசலில்.

"அவங்களும் எடுக்கணும்ல? யாராவது ஒருத்தர் மொதல்ல சொன்னாத்தானே எடுப்பாங்க?"

"சொன்னா ஹஸன் என் மூஞ்சியில முழிப்பானா? அவன் பொண்டாட்டி அங்க கெடக்கறா வஜீ. எதுக்கு வெச்சேன் நான்? உனக்குத்தானே வெச்சேன்!" கத்திவிட்டார். பிறகு, தலையில் கை வைத்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத்தான் வெச்சார். அது தெரியாதா எனக்கு.

ஜூலை 23

ஆயத் ஆள் அடையாளம் தெரியாமல் பேசுகிறாளாம். எதிர் வீட்டில் இன்று சாயங்காலமும் மோட்டார் ஓடியது. சத்தம் கேட்டது.

ஜூலை 24

ரெஹான் கடைக்குப் போனதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாமியிடம் மட்டும் சொன்னேன். தடுப்பார் என்று நினைத்தேன். "துப்பட்டாவை நல்லா சுத்திக்கோ, வெயில்" என்றார்.

ஆயத்தைப் பார்க்க விடவில்லை. வராந்தாவில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு ஜைதூன் பீ தரையில் உட்கார்ந்திருந்தார். என்னால் தரையில் உட்கார முடியாது. நின்றுகொண்டே சொன்னேன். மோட்டார், ஜாயின்ட், எங்கள் வாசல், எல்லாம். பாதி வார்த்தையை விழுங்கிவிட்டேன். திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் கொடுமை, இரண்டு தடவை சொன்னது.

மணி உருட்டுவது நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

"நீ அந்தத் தண்ணி குடிக்கலியா?"

"இல்ல. கேன்."

மறுபடியும் மணியை உருட்டத் தொடங்கினார். திட்டினால் தேவலை என்று நினைத்தேன். கடைசியில் சொன்னார். "என் பொண்ணு கண்ணத் தொறக்கட்டும். அப்புறம் உங்கிட்டப் பேசறேன். இப்ப போ. இங்கல்லாம் நிக்காத, நோய் புடிச்ச எடம்."

அந்தக் கடைசி வார்த்தையை நினைத்து நினைத்து ஆட்டோ முழுக்க அழுதேன்.

ரெஹானிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. "ஹஸனுக்கு அவங்க சொல்றதுக்குள்ள நான் சொல்லணும்" என்றார்.

ஜூலை 25, வெள்ளி

ஜும்மா முடிந்து ஆண்கள் சந்துக்குத் திரும்பியபோது, ரெஹான் எங்கள் வாசலில், மூடிய பள்ளத்தின் மேலேயே நின்றுகொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தொழுகைக்கு வந்திருந்த ஹஸனும் கூட்டத்தில் இருந்தார்.

"என் வீட்ல மோட்டார் இருந்திச்சு. எடுத்துட்டேன். இங்க உடைஞ்ச ஜாயின்ட் என்னோடது. ஹஸன், ஆயத்துக்கு வந்தது என்னாலயா இருக்கலாம்."

ஹஸன் பாய்ந்து சட்டையைப் பிடித்தார். பட்டன் தெறித்தது. எதிர் வீட்டு அப்துல் கய்யூம் நடுவில் வந்து கையைப் பிரித்துவிட்டார். "அடிக்கணும்னா என்னையும் சேத்து அடி. என் வீட்லயும் ஓடுது" என்றார்.

ஹஸன் யாரையும் அடிக்கவில்லை. "டேய், சொல்லியிருக்கலாமேடா... மோட்டார் வெச்சிருக்கோம்னு ஒரு வார்த்தை..." என்று உடைந்துபோய் ஆஸ்பத்திரிக்கு நடந்தார். ரெஹான் பின்னால் போனார். திரும்பிப் பார்த்து, வராதே என்று கை காட்டிவிட்டார்.

சாயங்காலம் சந்தில் நாலைந்து வீடுகளிலிருந்து ஸ்பேனர் சத்தம்.

ஜூலை 29

பெண் குழந்தை. மாதம் முடியாமல் ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். ஆயத் ஐ.சி.யூ.வில். ரெஹான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ஹஸன் பார்த்தாராம், பேசவில்லையாம்.

நான் இப்போது எதற்கும் துஆ கேட்கப் பயப்படுகிறேன். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று போய்விடுமோ என்று.

ஆகஸ்ட் 6

கண் திறந்துவிட்டாள். அம்மா என்று சொன்னாளாம். மாமிதான் கேள்விப்பட்டு ஓடிவந்து சொன்னார்.

ஆகஸ்ட் 31

ஆயத்தும் குழந்தையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். அவளா அது? புடவைக்குள் ஆளே இல்லை. என் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள். குழந்தையின் பெயர் ருக்சார்.

தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, இப்போது நன்றாக இருக்கிறது என்று இன்ஜினியர் அம்மாவே வந்து சொல்லிவிட்டுப் போனார். வாடை இல்லை. இருந்தும் ஒவ்வொரு பாத்திரத்தையும் மோந்து பார்க்கிறேன், கொதித்த தண்ணீரையும் கூட. மாமி இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. அவரும் மோந்து பார்க்கிறார்.

செப்டம்பர் 12

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுகிறது. யாரும் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. ஜைதூன் பீ அன்று சொன்ன அந்த 'அப்புறம்' எப்போது வரும்?

அக்டோபர் 1

நேற்று மகன் பிறந்தான். நல்லபடியாக. இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 12, புதன்

மகனுக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி. சுகாதார நிலையத்தில் சரியான கூட்டம். காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், மறுமுனையில் ஆயத். மடியில் ருக்சார். எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று எழ முடியவில்லை.

இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நர்ஸ் ருக்சாரைக் கூப்பிட்டார். ஆயத் எழுந்தாள், இரண்டு அடி வைத்தாள், நின்றுவிட்டாள். திரும்பி வந்து குழந்தையை என் பக்கம் நீட்டினாள்.

"என்னால ஊசியப் பாக்க முடியாது. நீ புடி."

அவள் உட்கார்ந்ததும் என் மகனை அவள் மடியில் வைத்துவிட்டு ருக்சாரை வாங்கிக்கொண்டேன். கனமே இல்லை. ஊசி போட்டதும் சந்துக்கே கேட்கிற மாதிரி வீறிட்டாள். நல்ல குரல். அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது ஆயத்தின் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"தண்ணி வெச்சிருக்கியா?" என்றாள்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சினதுதான், காலையில காய்ச்சினது, கொதிச்சு அடங்கினதுக்கப்புறம் இன்னொரு தரம் கொதிக்க விட்டது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் அண்ணாந்து குடிக்க ஆரம்பித்துவிட்டாள். பாதி பாட்டிலுக்குமேல் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, தன் மடியில் கிடந்த என் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன் மாமியார் மூக்குடீ இவனுக்கு" என்றாள்.