வாயைத் திறக்கச் சொன்னது நீங்கள்தான்

மேனாம்பேடு
14.6.1992

அன்புள்ள அண்ணாவுக்கு, சாராள் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் மகள் அருள்செல்வியும் சுகம். மஸ்கட்டில் வெயில் எப்படி?

நீங்கள் அனுப்பிய வீடியோ டெக்கில் சர்ச் வாலிபர் கூட்டத்துக்கு முதல் படம் போட்டேன். கல்குவாரி முதலாளியை எதிர்த்து ஒரு ஊரே போராடுகிற கதை. பார்த்துவிட்டுப் பிள்ளைகள் நாலு விஷயம் பேசுவார்கள் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்! "எது அநியாயம்?" என்று கேட்டால் எல்லாரும் மின்விசிறியைப் பார்க்கிறார்கள். ஜேம்ஸ் மட்டும் எழுந்து, "இன்னாக்கா, ஒரு ஃபைட்டு கூட இல்ல, அதான் அநியாயம்" என்றான். ஒரே சிரிப்பு. உங்கள் மகள் போண்டா சாப்பிட மட்டும் வாயைத் திறந்தாள்.

உங்கள் பாரிவாக்கம் மனையில் மேஸ்திரி வேம்புலி காம்பவுண்டுச் சுவருக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டார்.

உங்கள் தங்கை,
சாராள்


மஸ்கட்
28.6.1992

அன்புத் தங்கை சாராளுக்கு,

படம் காட்டுவதை விடாதே. தாயில்லாப் பிள்ளை என்று பொத்திப் பொத்தி வளர்த்து அவளை ஊமையாக்கிவிட்டோம். ரேஷன் கடையில் முந்திக்கொண்டு போகிறவனைக்கூட ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். எழுந்து நின்று கேள்வி கேட்கச் சொல்லிக்கொடு. அவள் கேட்டால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

சுவரை மழைக்கு முன் முடி. காலனி ஆட்கள் மனைக்குள் நடந்து போவது இதோடு நிற்கட்டும்.

அண்ணன்,
ஜேசுராஜ்


மேனாம்பேடு
19.7.1992

அண்ணா,

உங்கள் மகள் பேசிவிட்டாள். சந்தோஷப்படுங்கள்.

அதே படத்தை மறுபடி போட்டு, "நம்ம பக்கத்தில் நடக்கிற அநியாயம் ஒன்றைச் சொல்லாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது" என்று கதவைச் சாத்தினேன். பஸ் நிற்பதில்லை, குழாயில் தண்ணீர் இல்லை என்பார்கள் என்று நினைத்தேன். அருள்செல்வி எழுந்து, "பாரிவாக்கத்துல எங்கப்பா கட்டுற சுவரு" என்றாள்.

விசாரித்தேன். காலனிக்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழி நம் மனைக்குள்தான் இருந்திருக்கிறது. சுவர் அதை அடைத்துவிட்டதால், போன வாரம் காலனிக் குப்பம்மாவின் புருஷனை ஹைவே வழியாக, லாரிகளுக்கு நடுவே பாடையில் தூக்கிப்போனார்களாம். இப்போது பள்ளி விட்டதும் மொத்தக் கூட்டமும் அட்டை பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறது. வேலை நின்றுபோய்விட்டது. "படத்துல உக்காந்தா நல்லவங்க, நாங்க உக்காந்தா தப்பா அத்தை?" என்கிறாள். எந்த வாயால் நான் எழுப்புவது? தலை வெடிக்கிறது. ஓரமாக ஒரு வழி விடலாமா, சொல்லுங்கள்.

சாராள்


மஸ்கட்
2.8.1992

சாராள்,

பாலைவனத்தில் வெந்து நான் வாங்கிய மனை. பட்டா என் பெயரில். ஓர் அடிகூட விடமாட்டேன். படம் காட்டு என்றால் பெற்றவன் மேலேயே ஏவிவிடுவாயா? அவளை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போ. வராவிட்டால், எனக்கு மகளே இல்லை என்று அவளிடம் சொல்லிவிடு.

ஜேசுராஜ்


மேனாம்பேடு
16.8.1992

அண்ணா,

உங்கள் கடிதம் வந்த அன்றே பாரிவாக்கம் போனேன். அவளை எழுப்பத்தான் போனேன். வெயிலில் முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். "அப்பா இன்னா எழுதிக்கீறாரு? ஒத்துக்கினாரா?" என்றாள். அவ்வளவு நம்பிக்கை உங்கள்மேல். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் உங்கள்மேல்தான்.

வேம்புலி வந்து, "இன்னாம்மா, கட்டவா வேணாவா? ஆளுங்க சும்மா குந்திகினு கீறாங்க" என்றார். பாடை தூக்குகிறவர்கள் இருவர் இருவராகப் போகிற அகலத்துக்குச் சுவரை இடிக்கச் சொன்னேன். நீங்கள் சம்மதித்துவிட்டதாக நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். குப்பம்மா உங்கள் பெயரைச் சொல்லிக் கும்பிட்டாள். நான் எதையும் மறுக்கவில்லை.

நீங்கள் சொல்லச் சொன்ன வார்த்தையை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். சொல்லியே ஆகவேண்டுமென்றால், உறைமேல் அவள் பெயரை எழுதி நீங்களே அனுப்புங்கள். அப்பா தனக்கென்று ஒரு கடிதம் போடுவார் என்று தினமும் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறாள்.

சாராள்