வளர்ச்சி இல்லை

என் மகனின் வாப்பாவுக்கு ஸலாம்.

போனில் கதைத்தால் திரும்பவும் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளையின் இரத்தச் சோதனையில் "வளர்ச்சி இருக்காம்" என்று நான் அழுதேன். நீங்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, கத்தாரில் கூட்டாளிமாருக்குப் புரியாணி கொடுத்தீர்கள். வளர்ந்தது கிருமி. திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். இன்று டொக்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இந்த முறை வளர்ச்சி இல்ல, தங்கச்சி. முதல் வளர்ந்தது தோலில இருக்கிற கிருமி. இரத்தம் எடுக்கக்குள்ள போத்தலுக்குள்ள போயிருக்கு. பிள்ளைக்கு ஒண்டுமில்ல."

மருந்தையும் நிறுத்திவிட்டார்.

சந்தோசத்தில் "வளர்ச்சி இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்று குடும்பக் குறூப்பில் போட்டேன். உங்கள் கூடப்பிறந்த ராத்தா சாய்ந்தமருதிலிருந்து அழுதுகொண்டு வந்து, எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குர்ஆன் ஓதி என் தலையில் ஊதுகிறார்.

புரியாணியை இன்றைக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனின் உம்மா