அவர் பேருக்கு வந்த டெலிபோன்

மார்ச் 1, திங்கள்

காலையில் சின்னத் தூறல், பிறகு வெயில். காயப் போட்ட நூல் தப்பியது. அல்ஹம். (முழுதாய் எழுத இந்த டயறியில் இடமில்லை, அல்லாஹ் அறிவான்.)

தபால் கந்தோரிலிருந்து ஆட்கள். கம்பம், கம்பி, கறுப்பு டெலிபோன். மனுப் போட்டவர் எங்கே என்று கேட்டார்கள். கொழுந்தன் ஜப்பார் தம்பி, "காக்கா மவுத்தாகிட்டார்" என்றார். இறந்த வீடு என்று தெரிந்ததும் சத்தம் போடாமல் வேலை செய்தார்கள். நல்ல மனிதர்கள். தேத்தண்ணி அனுப்பினேன்.

என் கணவர் டெலிபோனுக்கு மனுப் போட்டபோது மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அன்று நான் சிரித்தேன். "நமக்கு ஆரு போன் எடுக்கப் போறா?"

"எடுப்பாங்க புள்ள." அவ்வளவுதான் சொன்னார்.

முன் ஹோலில் வைத்திருக்கிறார்கள். இவர் போனபின் நான் மறைந்திருக்கும் இத்தா முடிய இன்னும் மூன்று மாதம், ஆண்கள் வந்துபோகும் இடத்துக்குப் போக முடியாது. கதவுச் சீலையை விலக்கிப் பார்த்தேன். நம்பரை, நாங்கள் நெய்யும் சாரனை வாங்கும் கொழும்புப் புறக்கோட்டைக் கடை முதலாளிக்குத் தந்தியடிக்கச் சொன்னேன்.

மார்ச் 2, செவ்வாய்

அக்கம்பக்கம் எல்லாம் டெலிபோன் பார்க்க வந்தது. நம் தறியில் நெய்யும் கதீஜா ராத்தா காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "கடல் இரையிற மாதிரிக் கிடக்கு" என்றா.

ஜப்பார் தம்பி சீலைக்கு வெளியே நின்று: "வெள்ளிக்கிழம தறி பாக்க ஆள் வருது மதினி. வித்திருவம். மாசா மாசம் கொழும்புக்குப் போய் எந்தக் கலர் ஓடுது எண்டு பாத்தவர் காக்கா. நீங்க இத்தாவில. எனக்கு வயல்தான் தெரியும்."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிழையில்லை. ஆறு தறி. ஒவ்வொன்றாய் இவர் சேர்த்தது. நாலு வீட்டுப் பெண்களுக்கு அதுதான் சோறு. கொஞ்ச நேரம் அழுதேன்.

வாங்க: சாயப்பொடி, பாவுக்குக் கஞ்சி மா, மகனுக்குக் கொப்பி, உப்பு.

மார்ச் 3, புதன்

காற்று. பத்து மணிபோல் டெலிபோன் அடித்தது. பூனை ஓடிவிட்டது. கொழும்பு முதலாளி.

ஜப்பார் தம்பி எடுத்தார். போட்ட சத்தத்துக்குக் கம்பியே தேவையில்லை, கொழும்புக்குச் சும்மாவே கேட்டிருக்கும்.

"மதினி, பச்சையில என்ன கட்டம் நெய்றீங்க எண்டு கேக்கிறார்."

"சின்னக் கட்டம்."

"பெரிய கட்டம்தான் முதலாளி!"

"சின்னது, தம்பி."

இப்படியே மூன்று தரம். மனிதருக்கு வேர்த்துவிட்டது. "எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. நீங்களே கதைங்க" என்று ரிசீவரைச் சீலைக்குக் கீழால் தள்ளிவிட்டார். ரிசீவர் வயர் தரை மட்டும்தான் எட்டியது. தரையில் உட்கார்ந்து கதைத்தேன். முதலாளி சொன்னார்:

"பச்சை விக்கல்ல தங்கச்சி, கட்டுக் கட்டாக் கிடக்கு. கோப்பிக் கலர்ப் பெரிய கட்டம் ஒரு கிழமைல வித்து முடிஞ்சி. சித்திரை வருசத்துக்கு அதத்தான் கேக்கிறாங்க. நெய்து தர ஏலுமா?"

நாளை ஆறு தறியிலும் ஏற இருந்தது பச்சை நூல் பாவு. இது கடிதத்தில் வந்திருந்தால் நெய்து முடித்து லொறியில் ஏற்றிய பிறகுதான் தெரிந்திருக்கும்.

"ஏலும்" என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேனோ.

பிறகு பயம் பிடித்தது, இத்தாவில் அந்நிய ஆணோடு கதைத்துவிட்டேனே என்று. ஜப்பார் தம்பியே லுஹர் தொழுகை முடிய மௌலவியிடம் கேட்டு வந்தார். "தேவைக்குக் கதைக்கலாமாம் மதினி. அளவோட." அவர் முகத்தில்தான் என்னைவிட நிம்மதி.

மார்ச் 5, வெள்ளி

நல்ல வெயில். நேற்றும் இப்படித்தான், நூலில் போட்ட கோப்பிச் சாயம் ஒரே நாளில் காய்ந்தது. கதீஜா ராத்தாவின் தறியில் கோப்பிக் கலர் ஏறிவிட்டது, காலையிலிருந்து டக்டக்கென்று சத்தம்.

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தறி வாங்க ஆள் வந்தது. சீலைக்குப் பின்னால் காதைக் கொடுத்து நின்றேன்.

ஜப்பார் தம்பி: "சத்தம் கேக்குதா? தறி ஓடுது. விக்கிற எண்ணம் இல்ல."

அல்ஹம்துலில்லாஹ். இன்று முழுதாய் எழுதுகிறேன், இடம் போனால் போகட்டும். கம்பம் நட்டவர்களுக்கும் ஜப்பார் தம்பிக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். அன்று என் சிரிப்பைக் கேட்டும் மனுப் போட்டவருக்கு சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும்.

அஸர் தொழுது எழும்ப மறுபடி டெலிபோன். ஜப்பார் தம்பி பக்கத்தில்தான் இருந்தார், எடுக்கவில்லை. டெலிபோனை அப்படியே தூக்கி வந்து சீலையடியில் வைத்தார்.

"எடுங்க மதினி. ஒங்களுக்குத்தான்."