சூப்பர்வைசர் ஐயாவின் பூட்ஸ்

சூப்பர்வைசர் ஐயாவுக்கு பொண்டாட்டி ஜானட் எழுதிக்கிறது.

கத்திரிக்கா கொழம்பு கீது, சுட வெச்சுத் துன்னு. மீனு ஆத்துல கொட்டுன ஆயில்ல குளிச்சிக்கினு கீது.

அந்த ஆயில அள்ற பத்து நாள் வேலைய எங்க பன்னெண்டு பேருக்கும் வாங்கிக் குடுத்த, சரி. எல்லாருக்கும் பூட்ஸ் வந்துச்சுன்னு காண்ட்ராக்டர் பேப்பர்ல இன்னாத்துக்குயா கையெழுத்துப் போட்ட? வந்தது ஒரே ஜோடி. அதுவும் கரையில குடை புடிச்சிக்கினு நிக்கிற உன் கால்ல! எங்க காலெல்லாம் கொப்பளம்.

இன்னிக்கு ஒருத்தியும் படகுல ஏற மாட்டோம். நீ கரைக்கு வரும்போது சாவிய பக்கத்து வூட்ல குடு.

பி.கு: பூட்ஸ தேடாத, நான் மாட்டிக்கினு போறேன். மீதி பதினோரு ஜோடி எங்கன்னு காண்ட்ராக்டர கேக்கணும்.

நீ வெறுங்கால்லயே வா. ஜன்னல்ல தேங்கா எண்ணெ வெச்சுக்கீறேன், கால்ல தடவிக்கோ. மூணு நாளா எங்க பூட்ஸு அதான்.