அளத்துத் தண்ணீர்

நாள் 212. காலை 9.10. மருத்துவ அறை

எழுதுவது ஜெபக்கனி, மருத்துவர், செவ்வாய்க் கிரக உப்பளம். பணியாளர் எல்லோருக்கும் மாதாந்திர இரத்தப் பரிசோதனை முடிந்தது. எல்லோருக்கும் தைராய்டு சுரப்பு இறங்கியிருக்கிறது, கழுத்தும் வீங்கியிருக்கிறது. ஐந்து மாதக் கர்ப்பிணி இசக்கிக்குத்தான் மிக மோசம். மேலாளர் ரகோத்தமனுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சுற்றுப்பாதை நிலையத்தில் உட்கார்ந்து பூமித் தண்ணீர் குடிக்கிற புண்ணியவான்.

இங்கே வெட்டுவது பெர்குளோரேட் உப்பு. ராக்கெட் எரிபொருளுக்குப் போகிறது. நாங்கள் உருக்கிக் குடிக்கும் பனியிலும் அதுவே கலந்திருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி அழைத்து வந்தார்கள். இவர்களும் அதற்கு 'அளத்துத் தண்ணி' என்று பெயர் வைத்து, முகம் சுளிக்காமல் குடிக்கிறார்கள்.

நாள் 214. காலை 11.00

மேலாளருக்குப் பள்ளிப் பாடம் போல எழுதி அனுப்பினேன். தைராய்டு செல்லின் சவ்வில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அதுதான் வாசல்காரன். இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே சரியும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, கூடவே ஓர் அயோடைடை இழுத்துப் போடும். அயோடைடு உள்ளே போனால்தான் ஹார்மோன். தாயின் ஹார்மோன் இருந்தால்தான் வயிற்றுப் பிள்ளைக்கு மூளை வளரும். பெர்குளோரேட்டின் உருவமும் மின்சுமையும் அயோடைடைப் போலவே இருப்பதால் அது வாசலில் போய் ஒட்டிக்கொள்கிறது. அயோடைடு வெளியே நிற்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யுங்கள் என்று முடித்தேன்.

பதில் வந்தது: "அயோடின் குறைவுதானே டாக்டர்? அவசரக் கையிருப்பில் அயோடைடு மாத்திரை இருக்கிறதே, பொடித்துச் சாம்பாரில் போடச் சொல்லியாயிற்று."

அட அறிவுக்கொழுந்தே! அடைத்துக் கிடக்கும் வாசலில் கொஞ்சம் கூடுதலாக ஆள் நிறுத்தி என்ன பயன்? அந்த மாத்திரை, இங்கே மின்சாரம் தரும் அணு உலையில் விபத்து நேர்ந்தால் கதிரியக்க அயோடின் சுரப்பியில் ஏறாமல் தடுக்க என்று வைத்தது. மொத்தமும் சாம்பாரில் போய்விட்டது.

நாள் 221. மதியம் 1.30

ஆய்வுக் கருவியிலிருந்து அயனி வடிகட்டியைக் கழற்றிச் சமையலறைக் குழாயில் மாட்டினேன். சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஆளுக்கு ஒரு தம்ளர், யாருக்கும் கூடுதலாகக் கிடையாது என்று ஒலிபெருக்கியில் கறாராகச் சொன்னேன்.

நாள் 240. காலை 10.00

இசக்கியின் சுரப்பு ஏறிவிட்டது! மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். எனக்கு மண்டை குழம்பியது. வெட்டுக்குழுத் தலைவர் சுடலைமணியை ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது வந்து டாக்டரம்மா, அவ வாயும் வயிறுமா இருக்கா. அவளப் பாக்க வச்சிக்கிட்டு நாங்க குடிச்சா தொண்டைல எறங்குமா? எல்லாரும் எங்க தம்ளர அவளுக்கே ஊத்திருதோம். நமக்கென்ன, அளத்துத் தண்ணி குடிச்ச ஒடம்புதான."

வாயில் வந்தபடி திட்டினேன். ரேடியோவை வைத்ததும் அழுதுவிட்டேன். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான். என் தம்ளரையும் அவளுக்கே அனுப்பத் தொடங்கியிருக்கிறேன்.

நாள் 243. காலை 8.20

காற்றுச் சோதனையில் கதிரியக்க அயோடின். மூன்று முறை சோதித்தேன், பொய்யில்லை. மேலாளரிடம் கேட்டேன்.

"அணு உலையில் எரிபொருள் கோல் ஒன்றில் கீறல் விழுந்திருக்கிறது. சின்ன விஷயம். சரக்கு ஏற்றி முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள்."

கழுத்து அளவீடு எடுத்தேன். சுடலைமணிக்கு ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கும் இல்லை. அளத்துத் தண்ணீர் வாசலை அடைத்து வைத்திருக்கிறது. நான் விஷம் என்று கத்திய சனியன்தான் அவர்களைக் காப்பாற்றுகிறது. இசக்கியின் கழுத்தில் வைத்ததும் கருவி கத்தியது. அயோடின் இல்லாமல் பட்டினி கிடந்த சுரப்பி கூடுதலாக வாசல்களை வைத்துக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அன்பாக அவற்றைத் துடைத்துத் திறந்து வைத்திருக்கிறோம். வாசல்காரனுக்கு நல்ல அயோடின், கெட்ட அயோடின் என்றெல்லாம் தெரியாது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் இந்நேரம் சொந்தச் சுரப்பி வந்திருக்கும், சொந்த வாசலும் வந்திருக்கும்.

காற்றில் அதன் அளவு இன்னும் குறைவுதான். இப்போதே இசக்கி அளத்துத் தண்ணீருக்குத் திரும்பினால் தாயும் பிள்ளையும் தப்புவார்கள். பட்டினி போட்ட சுரப்பியைப் பிறகு மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். பிள்ளையின் சுரப்பி வெந்துபோனால் போனதுதான். இசக்கி வேலைக்குத் திரும்பிப் போன பிறகுதான் இவ்வளவும் எனக்கு உறைத்தது; ஒலிபெருக்கியில் கூப்பிட்டுச் சொல்லப் போகிறேன்.

நாள் 243. காலை 9.05

ஒலிபெருக்கியில், "இசக்கி, வடிகட்டின தண்ணியக் குடி..." என்றேன். 'குடிக்காதே' என்று முடிப்பதற்குள் மேலே நிலையத்திலிருந்து இணைப்பை அறுத்துவிட்டார்கள். ஐயோ, அந்தப் பாதிதான் அங்கே போயிருக்கிறது.

கதவும் பூட்டிக்கொண்டது. மேலாளரின் அறிவிப்பு மட்டும் கேட்கிறது: "டாக்டருக்குத் தொற்றுக் காய்ச்சல். தனிமையில் இருக்கிறார். நடைவழியில் காற்று வெளியேற்றப்பட்டுள்ளது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்."

நாற்காலியால் கதவை அடித்துப் பார்த்தேன். காற்றில்லாத நடைவழியில் சத்தம் எங்கே போகும்? பாவி. படுபாவி. ஒரு கப்பல் உப்புக்காக.

நாள் 244. காலை 7.40

ரேடியோவில் கேட்க முடிகிறது. பேச முடியவில்லை. கம்பிகளைப் பிரித்து மாற்றிப் பார்த்தேன். இல்லை.

சுடலைமணி: "டாக்டரம்மா, காய்ச்சல் எப்படி இருக்கு? கவலப்படாதிய. நீங்க குடிக்கச் சொன்னதக் கேட்டோம். இசக்கிக்கு வேளைக்கு ஒருக்கா பிடிச்சிக் குடுக்கோம்."

அடேய், வேண்டாம்.

நாள் 246. காலை

சரக்குக் கப்பல் போய்விட்டது. கதவு திறக்கவில்லை.

காற்றில் அயோடின் நேற்றைவிட நான்கு மடங்கு. வடிகட்டி அடைத்துக்கொள்ளட்டும் என்று கர்த்தரிடம் மன்றாடுகிறேன். நான் மாட்டியது அல்லவா, நன்றாக வேலை செய்கிறது.

நாள் 247

இசக்கி: "டாக்டரம்மா, கேக்கியளா? பதிலு சொல்ல முடியலன்னா பரவால்ல, நல்லாத் தூங்குங்க. இன்னைக்கு எல்லாரும் ரெண்டு தம்ளர் குடுத்துட்டாவ. நா வேண்டாம்னாலும் வுட மாட்டேங்காவ. பிள்ள உள்ள என்னா துள்ளு துள்ளுது தெரியுமா? இருங்க, ஒரு மடக்கு குடிச்சிட்டு வாரேன்."

கேட்கிறது இசக்கி. குடிக்காதே. தம்ளரைக் கீழே வை, கண்ணு, கீழே வை, குடிக்கா